சத்திரம் இல்லாத ஆட்டம்

பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடம். களத்தை விட்டுக் கிளம்பும்போது போனில் மணி பார்த்தேன். மேற்கே மேகம் கூடியிருந்தது. பங்குனியில் வரக்கூடாத மேகம். களத்தில் ஆறு நாளாகக் காய்ந்துகொண்டிருந்த குண்டு மிளகாய் கிடந்தது. மூடுவதற்கு இருந்த படுதாவில் பாதியை ஆடு கடித்துக் கிழித்திருந்தது. பக்கத்து ஊரான சிக்கலுக்குப் போய்ப் புதுசு வாங்கிவர வேண்டும். போக நாலு கிலோமீட்டர், வர நாலு.

மகள் வேப்பமரத்து நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்து வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது. சனிக்கிழமை, பள்ளி இல்லை.

"பாப்பா, படுதா வாங்கிட்டு வாரேன். இந்த ஆட்டம் முடியுறதுக்குள்ள வந்துருவேன்."

"ம்" என்றாள். தலையை நிமிர்த்தவில்லை.

அந்த வார்த்தையை நான் ஆறு வருடமாகச் சொல்லிவருகிறேன். கடைக்குப் போனாலும் சரி, மோட்டார் போடப் போனாலும் சரி, அதையே சொல்வேன். ஒரு தடவையும் தவறியதில்லை. தவறாமல் இருந்ததற்குக் காரணம் நானில்லை, அந்தப் பழைய ஆட்டம்.

அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது கீழக்கரையில் ஒருவரிடம் கையில் வைத்து ஆடும் பழைய கருவி ஒன்றை வாங்கினேன். துபாயிலிருந்து மகனுக்காகக் கொண்டுவந்ததாம். மகன் வளர்ந்துவிட்டான். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது, திரையின் ஓரத்தில் ஒரு கீறல். அதற்குள் ஒரே ஒரு ஆட்டம் இருந்தது. ஒரு பெண் காணாமல் போன தன் அண்ணனைத் தேடி ஏழு நாடுகளைக் கடந்து போகிறாள். கூட ஒரு கழுதை. வழியில் உப்பு விற்றுச் சாப்பிடுகிறாள். எல்லாம் ஆங்கிலத்தில் வரும். நான் வாசித்துத் தமிழில் சொல்வேன், மகள் பொத்தானை அழுத்துவாள். கொஞ்ச நாளில் நான் அழுத்த, அவள் வாசிக்க ஆரம்பித்தாள். அவள் ஆங்கிலம் படித்தது அப்படித்தான். நான் கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு மிளகாய் போடுகிறவன். எனக்கும் அப்படி ஏதோ ஒன்று தேவைப்பட்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்த ஆட்டத்தில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. வழிப்போக்கர்கள் தங்கும் ஒரு வீடு வரும். அதற்குள் போய்ப் படுத்தால்தான் அதுவரை நடந்தது பதிவாகும். நடுவழியில் அணைத்துவிட்டால் நடந்ததெல்லாம் வீண். அந்த வீட்டை நாங்கள் சத்திரம் என்றோம். ஒரு சத்திரத்திலிருந்து அடுத்த சத்திரத்துக்குப் போய்ச்சேர எங்கள் வேகத்துக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. புதையல் எங்காவது கண்ணில் பட்டுவிட்டால் ஒன்றரை.

களத்தில் காயும் மிளகாயையும் ஏறக்குறைய அதே கணக்கில் புரட்டிவிட வேண்டும். ஆக, சத்திரத்துக்குச் சத்திரம் எழுந்து மிளகாயைப் புரட்டுவது வழக்கமாகிவிட்டது. புரட்டியதும் ஊரணிக்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவியாக வேண்டும். கழுவாத கையால் கருவியைத் தொடக்கூடாது, கண்ணைத் தொடவே கூடாது. களத்துக்கென்று பழைய செருப்பு தனியாக உண்டு. மிளகாய் விதையும் காரமும் அப்பியிருக்கும் என்பதால் அதை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. ஊரணிப் படியில் கழற்றிப் போட்டுவிட்டு நல்ல செருப்பை மாட்டிக்கொண்டு வருவோம். எங்கள் பக்கம் மிளகாய் போடுகிற எல்லார் வீட்டிலும் இதுதான் வழக்கம்.

முதல் வருடம் பருவம் முழுக்க ஆடியும் அண்ணன் கிடைக்கவில்லை. மறு வருடம் கிடைத்தான். கிடைத்த அன்று இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.

"அப்பனும் மகளும் இன்னும் கழுதைதான் மேய்க்கிறீகளா?" என்பாள் என் மனைவி. அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். கேலி செய்வாளே தவிர, அவளும் அந்தக் கணக்குக்குப் பழகிவிட்டாள். எப்போது வருவீர்கள் என்று போனில் கேட்டால், "ஒரு சத்திரம் ஆகும்" என்பேன். அதற்கேற்றபடி உலை வைப்பாள்.

போன தை மாதம் அந்தக் கருவியின் பேட்டரி உப்பிவிட்டது. இராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுச் சட்டென்று தள்ளி வைத்தார்.

"அண்ணே, இதுக்கு மேல நோண்டுனா வெடிச்சிரும்."

"வேற பேட்டரி போட்டுத் தர முடியாதா?"

"இதெல்லாம் இப்ப யாருண்ணே வச்சிருக்கா? இந்தாங்க, இதப் பாருங்க. ஐந்நூறு கேம் இருக்கு."

"ஐந்நூறு வேணாம் தம்பி. ஒண்ணு போதும். முடியாம போயிக்கிட்டே இருக்கணும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "முடியாம போயிக்கிட்டே இருக்கணும்னா டிவில சீரியல் பாருங்கண்ணே" என்றார்.

வேறு வழியில்லாமல் அதையே வாங்கிவந்தேன். ஐந்நூறில் எந்த ஆட்டமும் மூன்று நிமிடத்தைத் தாண்டவில்லை. பலூன் உடைப்பது, பழம் வெட்டுவது, ஒரே நிறக் குண்டுகளைச் சேர்ப்பது. ஜெயித்தாலும் நட்சத்திரம் கொட்டுகிறது, தோற்றாலும் கொட்டுகிறது. யாருக்கும் பெயர் இல்லை, ஊர் இல்லை, தேடிப்போக ஆள் இல்லை. மகள் முதல் நாளே வரிசையாக இருபது, முப்பது ஆட்டங்களை ஆடிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"அய்யா, இதுல யாரும் எங்கயும் போகல."

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு விளையாட்டுக் கருவிக்காக இந்த வயதில் ஆத்திரப்படுவது வெட்கமாகவும் இருந்தது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அக்கா மகனுக்குப் போன் போட்டு, பெரிய ஆட்டம் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.

"இப்ப எல்லாமே அஞ்சு நிமிஷந்தான் மாமா. பஸ்ஸுக்கு நிக்கும்போது ஒரு ஆட்டம் ஆடி முடிச்சிரணும். அதான் ஐடியா."

"எங்க ஊருக்குப் பஸ் வர ரெண்டு மணி நேரமாகுமே மாப்ள."

சிரித்தான். தேடிப்பார்த்துச் சொல்கிறேன் என்றான். சொல்லவில்லை. நானும் பிறகு கேட்கவில்லை. மகள் வேறு எதுவும் இல்லாததால் அந்தப் பலூன்களையே உடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் மாறியது. என் வாய் மாறவில்லை. புதுக் கருவி வந்த பிறகு அவளைத் தனியே களத்தில் விட்டுப் போனது அன்றுதான் முதல் தடவை. அன்றைக்கும் பழைய வார்த்தையைத்தான் சொல்லிவிட்டுப் போனேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை போட்டுவிட்டு வெயிலில் அலைந்தால் சில சமயம் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். ஒரு தடவை சிக்கல் சாலையில் அப்படி ஆகி மைல் கல்லில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். மகள்தான் பைக்கின் பின்னால் இருந்தாள். ஓடிப்போய் டீக்கடையில் சீனி வாங்கிவந்து என் வாயில் கொட்டினாள். அன்றிலிருந்து கல்கண்டுப் பொட்டலம் அவள் பொறுப்பு. எங்கே கிளம்பினாலும் என் சட்டைப்பையைத் தட்டிப் பார்ப்பாள். அன்று அவள் ஆட்டத்தில் இருந்தாள், தட்டவில்லை. நானும் எடுக்கவில்லை. பொட்டலம் வேப்பமரத்தில் தொங்கிய பையிலேயே இருந்தது.

சிக்கலில் கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். காத்திருந்து வாங்கிக்கொண்டு கிளம்ப மூன்று மணி ஆகிவிட்டது. ஒரு கிலோமீட்டர் வருவதற்குள் பின் சக்கரத்தில் முள் ஏறிவிட்டது. பஞ்சர் கடைக்குத் திரும்பிப் போனால் நேரமாகும் என்று, தார்ச்சாலையை விட்டு இறங்கிக் கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். குறுக்கு வழி. தார்ச்சாலையிலேயே வந்திருந்தால் எதிரே அவளைப் பார்த்திருப்பேன்.

பாதி வழியில் தூற ஆரம்பித்தது. களத்துக்கு வந்துசேர்ந்தபோது மூன்று ஐம்பது. கிழிந்த படுதா எட்டிய மட்டுக்கும் இழுத்து மூடப்பட்டு, நாலு மூலையிலும் கல் வைத்திருந்தது. மீதி மிளகாய் நனைந்துகொண்டிருந்தது. மரத்தடியில் சாக்கு சுருட்டியிருந்தது. அதற்குள் பாலித்தீன் பையில் சுற்றிய கருவி. பலூன் ஆட்டத்தின் பாட்டு மட்டும் உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

கூப்பிட்டேன். பதில் இல்லை. கை கழுவப் போயிருப்பாள் என்று ஊரணிப் பக்கம் நடந்தேன். கடைசிப் படியில் அவளுடைய செருப்பு கிடந்தது. மிளகாய் விதை ஒட்டியிருந்த, வாரில் ஊக்குக் குத்திய சிவப்புச் செருப்பு. இரண்டும் தண்ணீரைப் பார்த்து இருந்தன.

அதற்குப் பிறகு நான் யோசித்ததாக நினைவில்லை. சட்டை, செருப்பு, பையில் இருந்த போன் எல்லாவற்றோடும் தண்ணீருக்குள் இருந்தேன். குதித்தது நினைவில் இல்லை. தண்ணீர் மேலே வெதுவெதுப்பாகவும் காலடியில் குளிர்ச்சியாகவும் இருந்தது நினைவிருக்கிறது. சகதியில் ஒரு தகர டப்பா காலில் பட்டது நினைவிருக்கிறது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று தெரியவில்லை.

பக்கத்துக் களங்களில் மிளகாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் வந்தார்கள். என்ன என்று யாரும் கேட்கவில்லை. படியில் கிடந்த செருப்பைப் பார்த்தார்கள், இறங்கினார்கள். ஏழெட்டுப் பேர் கையைக் கோத்துக்கொண்டு ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்தோம். நெஞ்சளவு தண்ணீர், நடுவில் கழுத்தளவு. காலால் தடவிக்கொண்டே நடக்க வேண்டும். ஒரு கையை என் பங்காளி பிடித்திருந்தார். மறு கையைப் பிடித்திருந்தவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறு கரையில் திரும்பி, கொஞ்சம் தள்ளி மறுபடி நடந்தோம். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. களத்திலிருந்து அந்தப் பாட்டு வந்துகொண்டே இருந்தது. முடியும், உடனே முதலிலிருந்து தொடங்கும். ஒரு கட்டத்தில் அதை யாரோ போய் அணைத்தார்கள்.

அழுகை வரவில்லை. பயமும் இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நனைகிற மிளகாய் வெளுத்துப் போகும், விலை போகாது என்று ஒரு தடவை நினைத்தேன். அவளுடைய பள்ளிக்கூடத்துக்குத் திங்கட்கிழமை என்ன சொல்வது என்று நினைத்தேன். யாரோ ஒருவருக்கு நடப்பதுபோல இருந்தது. இப்போதும் பாதி நேரம் அப்படித்தான் இருக்கிறது. இரண்டு மணி இருபது ஆனால் எங்கே இருந்தாலும் என் கை போனை எடுத்துவிடுகிறது.

ஐந்து மணிக்கு என் மனைவி வந்தாள். கடலாடியில் கூட்டத்துக்குப் போயிருந்தவளுக்குப் பேருந்தை விட்டு இறங்கும்போதே யாரோ சொல்லியிருக்கிறார்கள். கத்திக்கொண்டு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. நேராகப் படியிறங்கி வந்து செருப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது களத்துச் செருப்புல்ல?"

நான் தண்ணீரில் நின்று அவளைப் பார்த்தேன்.

"ஏங்க, ஒங்களத்தான் கேக்குறேன். இது களத்துச் செருப்பு. நல்ல செருப்பு எங்கன?"

தண்ணீருக்குள் நடந்துகொண்டிருந்த வரிசை நின்றுவிட்டது. ஊரில் அத்தனை பேரும் தினமும் களத்துச் செருப்பைப் படியில் போட்டுவிட்டுப் போகிறவர்கள்தான். அவ்வளவு பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. என் களத்துச் செருப்பும் அங்கேதான் இரண்டு படி மேலே கிடந்தது.

அவள் எழுந்து வேப்பமரத்துக்குப் போனாள். பையை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். தண்ணீர் பாட்டில், சோப்பு டப்பா, சீப்பு விழுந்தன.

"கல்கண்டக் காணோம்" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், "ஒங்களத் தேடித்தான் போயிருக்கா" என்றாள்.

மற்றவர்கள் கரையேறினார்கள். நான் ஏறவில்லை. அவள் சொன்னது காதில் விழுந்தது, புரிந்தது, ஆனால் கால் நகரவில்லை. ஒருவேளை அவள் தண்ணீரில்தான் இருந்து நான் ஏறிப் போய்விட்டால் என்ன செய்வது என்று நின்றேன். பங்காளிதான் திரும்பி இறங்கி வந்து கக்கத்தில் கைகொடுத்து இழுத்தார்.

"ஏலே, வா மேல. பிள்ள தரையிலதான் இருக்கு."

அவருடைய மகன் பைக்கில் சிக்கலுக்குப் போய்ப் படுதாக் கடையில் விசாரித்துவிட்டு அங்கிருந்தே பேசினான். நாலு மணிக்கு ஒரு பிள்ளை வந்ததாம். என்னைக் கேட்டதாம். கடைக்காரரின் போனை வாங்கி என் எண்ணுக்குப் போட்டுப் பார்த்ததாம். கிடைக்கவில்லையாம். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது என் எண் ஒன்றுதான். அது ஊரணியில் நனைந்து செத்துப்போயிருந்தது. பிறகு அவள் எங்கே போனாள் என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை.

இரண்டு பைக்குகள் இரண்டு திசையில் போயின. மனைவி சாலை ஓரத்தில் போய் நின்றாள். நானும் போய் நின்றேன். மழை விட்டிருந்தது. ஈரச் சட்டை உடம்பில் ஒட்டியிருந்தது. அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, "என்னன்னு சொல்லிட்டுப் போனீங்க?" என்றாள். சொன்னேன். என் ஆட்டக் கணக்கில் எத்தனையோ நாள் உலை வைத்தவள், அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆறு மணி இருபதுக்குக் கீழக்கரைப் பக்கமிருந்து ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. முதலில் ஒரு காலி அலுமினியச் சட்டி இறங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மீன்காரம்மா இறங்கினார். காலையில் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவந்து எங்கள் பக்க ஊர்களில் விற்றுவிட்டுத் திரும்புகிறவர், முகம் பார்த்த பழக்கம் உண்டு. அவருக்குப் பின்னால் என் மகள் இறங்கினாள். காலில் நல்ல செருப்பு.

"நீதானா அந்த அய்யா?" என்றார் மீன்காரம்மா. "போன எடுக்கிறதுக்கு ஒனக்கு என்ன கேடு? சிக்கல் பஸ் ஸ்டாப்புல நிக்கேன், எவனோ பைக்குல விழுந்தவனக் கீழக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாகன்னு அங்கன ஒருத்தன் சொல்லுதான். அதக் கேட்டுட்டு ஒம் மக ஏறிட்டா பஸ்ஸுல. தனியா விட முடியுமா? நானும் கூடப் போயி ஒவ்வொரு கட்டிலாப் பாத்துட்டு வாரேன். விழுந்தவன் எவனோ ஒரு வழுக்கத் தலையன். இவ அவனுக்கும் ரெண்டு கல்கண்டு குடுத்துட்டு வாரா."

யாரோ சிரித்தார்கள். மீன்காரம்மா என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"என்னய்யா இது, ஆளு சொட்டச் சொட்ட நிக்க? மீன் பிடிக்கப் போனியாக்கும்? தெரியாத தொழிலு எதுக்கு, ஏங்கிட்ட வாங்கிக்கிட வேண்டியதுதான."

மனைவி மகளைப் பிடித்து முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அங்கேயே, அந்தத் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மகள் அம்மாவின் கையை விலக்கிவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். மூடியிருந்த கையைத் திறந்தாள். கல்கண்டு வேர்வையில் இளகிக் காகிதத்தோடு உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. ஒரு துண்டைப் பிய்த்து நீட்டினாள்.

"மொதல்ல இத வாயில போடுங்க."

போட்டேன். காகிதமும் சேர்ந்து வந்தது. நான் மெல்வதை அவள் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினஞ்சு ஆட்டம் முடிஞ்சிருச்சுய்யா" என்றாள். "நீங்க வரல."